பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய பிறகு

வெளிநாட்டுப் பயிற்சி வாய்ப்புக்கான அறிவித்தல் வரும் ஒவ்வொரு முறையும் இளைய உத்தியோகத்தர்கள் சிலர் என்னைத் தேடி வருகிறார்கள். விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், குளிருக்கு என்ன கொண்டுபோவது என்றெல்லாம் கேட்கிறார்கள். திரும்பி வந்த பிறகு என்ன செய்வது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்வியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

இத்தகைய திட்டங்கள் நமக்குப் புதியவை அல்ல. 1951இல் இயங்கத் தொடங்கிய கொழும்புத் திட்டம் நம் தலைநகரின் பெயரையே தாங்கியது. 1946இல் தோன்றிய அமெரிக்காவின் ஃபுல்பிரைட் புலமைப்பரிசிலுக்கு 1952இலேயே இலங்கையில் ஆணைக்குழு அமைந்தது. 1964இல் இந்தியா தனது தொழில்நுட்பக் கூட்டுறவுப் பயிற்சிகளைத் தொடங்கியது. 1978இல் வந்த ஹம்ஃப்ரி திட்டமோ, பணியில் பாதி வழி வந்துவிட்டவர்களைப் பட்டம் எதுவும் தராமல் ஏறத்தாழ பத்து மாதங்கள் அமெரிக்காவில் வைத்துப் படிக்கவும் பழகவும் விடுகிறது. பட்டமில்லாத படிப்பு என்பதை நம்மவர்கள் குறைவாகவே மதிக்கிறார்கள். ஊருக்கு உண்மையில் பயன்படக்கூடியது அந்த வகைதான் என்பது என் எண்ணம்.

எனக்கு வாய்த்தது ஜப்பானில் ஒரு மாதம். கியூஷு தீவிலுள்ள ஓய்ட்டா மாகாணத்தில், 'ஒரு கிராமம், ஓர் உற்பத்தி' என்ற இயக்கத்தைப் பார்த்துப் பழகும் பயிற்சி அது. 1979இல் அந்த மாகாணத்தின் ஆளுநர் மொரிஹிக்கோ ஹிரமட்சு தொடங்கிவைத்த அந்த இயக்கம் பின்னர் தாய்லாந்துக்கும் மலாவிக்கும் பரவியது. ஆயினும் அதன் வேர் ஆளுநரின் அலுவலகத்தில் இல்லை. ஓயாமா என்ற மலைக் கிராமம் 1961இலேயே, நெல்லைப் பெருக்குங்கள் என்று அரசு வற்புறுத்திய காலத்தில், எங்கள் சரிவு நிலத்துக்கு நெல் ஒத்துவராது என்று துணிந்து சொல்லிவிட்டுப் பிளமும் செஸ்ட்நட்டும் நட்டது. 'பிளமும் செஸ்ட்நட்டும் நடுவோம், ஹவாய்க்குப் போவோம்' என்பதே அவர்களுடைய முழக்கம். சொன்னபடியே 1967இல் ஹவாய்க்கும் போனார்கள். அதன் பின்னர் இளைஞர்களை இஸ்ரேலின் கிபுட்ஸ் பண்ணைகளுக்கு அனுப்பிக் கூட்டு வாழ்வைப் படித்துவரச் செய்தார்கள். ஒரு கிராமம் தன் தேவையைத் தானே அறிந்து, தன் பிள்ளைகளைத் தானே தெரிந்தெடுத்து அனுப்பியது என்பதை அங்கு கேட்டபோது, நான் எந்தத் தேவையை முன்னிட்டு, யாருடைய பெயரால் வந்திருக்கிறேன் என்ற எண்ணம் மனத்தை வாட்டியது.

ஓயாமாவின் விவசாயக் கூட்டுறவு 1990இல் திறந்த நேரடி விற்பனைக் கடையில் ஒரு காலைப் பொழுதைக் கழித்தோம். கடை திறக்குமுன் வயதான ஒரு பெண்மணி கீரைக் கட்டுகளைக் கூடையில் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொரு கட்டிலும் தமது பெயரும் விலையும் அச்சிட்ட சிறு ஒட்டுத்தாளை நிதானமாக ஒட்டினார். பக்கத்துத் தட்டில் வேறொருவரின் கீரை சற்றே மலிவாக இருந்தது. அதைப் பார்த்தார், தமது கட்டையும் பார்த்தார், விலையை மாற்றாமலே அடுக்கி வைத்தார். ஏன் குறைக்கவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டேன். என் பெயர் தெரிந்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்றார். விற்காததை மாலையில் அவரே திரும்ப எடுத்துச் செல்வாராம். உற்பத்தி செய்பவரே விலை வைக்கும் அந்தச் சிறு ஒட்டுத்தாளைத்தான் அந்த மாதத்தின் முழுப் பாடமாக நான் கொண்டுவந்தேன்.

அதே மாகாணத்திலுள்ள யுஃபுயின் வெந்நீரூற்று ஊரின் கதையையும் சொல்ல வேண்டும். 1971இல் அந்த ஊரின் விடுதிக்காரர்கள் மூவர் ஏறத்தாழ ஐம்பது நாள் ஐரோப்பாவில் சுற்றி, ஜெர்மனியின் நீரூற்று நகரங்களைப் பார்த்து வந்தார்கள். பேரளவிலான கட்டடங்கள் வேண்டாம், பசுமையும் அமைதியும் போதும் என்ற முடிவோடு திரும்பி, அதன்படியே ஊரை வளர்த்தார்கள். போனவர்கள் மூவர் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் நினைவூட்டுவார், ஊர் நம்பாவிட்டால் மூவரும் சேர்ந்து பேசுவார்கள். தனியாகப் போய் வருபவரின் அனுபவமோ அவருடைய ஞாபகமாக மட்டுமே மிஞ்சிவிடுகிறது.

நான் தனியாகவே போனேன். பயிற்சியின் முடிவில் ஒவ்வொருவரும் ஒரு செயற்திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் ஒரு கிராமத்தில், பன் என்னும் நீர்க்கரைப் புல்லால் பாய் பின்னும் பெண்களை வைத்து நான் எழுதினேன். ஊர் திரும்பிய மூன்றாம் மாதத்தில், நான் பணியாற்றிய அலுவலகம் என்னை வேறொரு பிரிவுக்கு மாற்றியது. செயற்திட்டம் கோப்பில் போனது. என்னை அனுப்புவதற்கு ஒரு நாடு செய்த செலவும், விடுப்புத் தந்து நம் நாடு செய்த செலவும் அந்தக் கோப்புக்குள்ளேயே அடங்கிவிட்டன. இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

ஆயினும் சனிக்கிழமைகளில் சொந்தச் செலவில் அங்கே போய்வந்தேன். மண்முனையில் 2014இல் ஜப்பானிய உதவியுடன் பாலம் வந்துவிட்டதால், முன்போல் வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்கள் குளத்தோரத்தில் பன் வெட்டி, காயவைத்து, சாயமேற்றி, குந்தியிருந்து பின்னும் பாயை நகரத்து வியாபாரி ஒருவர் தாம் சொன்ன விலைக்கு எடுத்துச் சென்றுகொண்டிருந்தார். விலையை நீங்களே சொல்லுங்கள் என்றபோது வியாபாரி கொடுத்ததையே சொன்னார்கள். அதனால் ஒரு நாள் எல்லோருமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். பன் வெட்டப் போன நாள், சாயத்தின் விலை, பின்னிய நாட்கள், ஓரம் மடித்த இரவு என்று ஒரு பாடசாலைக் கொப்பியில் வரிவரியாக எழுதினோம். எழுதி முடித்ததும் மூத்தவரான அம்மா ஒருவர், "மகன், இவ்வளவு காலமும் நாங்க பன்னைத்தான் வித்திருக்கிறம். எங்கட கையைச் சும்மா குடுத்திருக்கிறம்" என்றார். அடுத்த சந்தைக்குப் பெயரும் விலையும் எழுதிய அட்டைகளோடு பாய்கள் போயின. எல்லாம் விற்கவில்லை. ஆனால் திரும்பி வந்த பாயையும் அவர்கள் வியாபாரியின் விலைக்குக் கொடுக்கவில்லை.

வெளியிலிருந்து வரும் ஒரு யோசனை அரைகுறையாக வந்தால் என்ன நேரும் என்பதையும் நம் மாவட்டம் கண்டிருக்கிறது. வங்காளதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் 1976இல் முகம்மது யூனுஸ் தொடங்கி, 1983இல் கிராமீன் வங்கியாக உருப்பெற்ற சிறுகடன் முறையில், கடன் பெறும் பெண்களே வங்கியின் பங்குதாரர்களாகவும் இருந்தார்கள். நம் கிராமங்களுக்கு நுண்கடன் என்ற பெயரில் வந்து சேர்ந்தவற்றில் பலவற்றில் வாராந்தத் தவணை மட்டுமே இருந்தது, பங்குரிமை இருக்கவில்லை. தவணைக்காரர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விடும் பெண்களை நான் நேரில் அறிவேன். போய்ப் பார்த்து வருபவர்கள் கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் கொண்டுவந்துவிடுகிறார்கள். அதைத் தாங்கி நிற்கும் பகுதியைப் பார்க்கக் காலமும் மொழியும் வேண்டும்.

ஆகவே இருவழிப் பரிமாற்றங்களை நான் உயர்வாக மதிக்கிறேன். அமெரிக்காவின் தொழில்முறைப் பரிமாற்றத் திட்டங்கள் சிலவற்றில், இங்கிருந்து போனவருக்கு இடமளித்த அங்குள்ளவர் பின்னர் இங்கே வந்து தங்கி வேலை செய்ததுண்டு. என் நண்பரொருவர் போய்வந்ததன் தொடர்ச்சியாகக் கூட்டுறவுத் துறையைச் சேர்ந்த ஒருவர் மட்டக்களப்புக்கு வந்தார். பாய் பின்னும் பெண்களின் சீட்டுக் கணக்கைப் பார்த்து அவர் வியந்தார். கையெழுத்தும் பிணையும் இல்லாமல், யாருக்கு எந்த மாதம் தேவை என்று பேசியே ஒழுங்கு செய்வதை விளங்கிக்கொள்ள அவருக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. அவர் குறிப்பெடுக்க எடுக்க, அந்தப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கவனித்தேன்.

வந்து தங்குபவர்களை மட்டக்களப்பு நெடுங்காலமாக அறியும். 1814இல் வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் ஓராண்டுக்குள் இறந்துவிட்டார். அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றும் நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் கல்வியோடு கூடைப்பந்தையும் ஊருக்குத் தந்தார்கள். அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரில் நம் மைதானம் இருக்கிறது. இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளித்த யூஜின் ஹேபேர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட்டில், உடன் சென்ற இளைஞரோடு, வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமல் போனார். அவர்கள் ஒரு மாதப் பயிற்சிக்கு வந்தவர்கள் அல்லர் என்பதை நான் அறிவேன். ஆனால் ஓர் ஊரோடு பழகுவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை அவர்களை வைத்தே நான் அளக்கிறேன்.

தெரிவு செய்யும் இடத்தில் இருப்பவர்களிடம் நான் வேண்டுவது இதுதான். ஓர் அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்புவதை விட்டு, ஒரே கிராமத்தில் வேலை செய்யும் உத்தியோகத்தரையும், ஆசிரியரையும், சங்கத்து உறுப்பினரையும் சேர்த்து அனுப்புங்கள். திரும்பிய பின் இரண்டு ஆண்டுகளாவது அவர்களை இடமாற்றாதீர்கள். ஆங்கிலம் தெரிந்தால் மட்டுமே போகலாம் என்ற நிபந்தனையால், வேலையைக் கையால் செய்பவர்கள் எல்லோரும் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு ஆகும் செலவை வீண் என்று எண்ணாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளரே வேண்டாத பயணமொன்றுக்கு இப்போது நாங்களே ஆயத்தம் செய்கிறோம். திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையில், தறியில் நூற்பாவு கட்டிக் கோரைப்பாய் நெய்பவர்களைப் பார்த்துவர, பாய் பின்னும் அந்தப் பெண்களின் சங்கத்திலிருந்து இருவர் போகிறார்கள். சீட்டின் இரண்டு மாதப் பணத்தை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள், கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பித்தாயிற்று. இருவரில் ஒருவர் அந்த மூத்த அம்மா. ஓரம் மடிக்காத ஒரு சிறு பாயைச் சுருட்டி இப்போதே பைக்குள் வைத்திருக்கிறார். ஏன் முடிக்காமல் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். ஓரம் மடிக்கும் விதத்தை அவர்களுக்கு முன்னால் இருந்து செய்துகாட்ட வேண்டுமாம்.