கரும்புக் குன்று, கடல், பழைய பட்டு: ஒரு சுவர்க் குயில்ட் செய்து பார்த்த அனுபவம்

குயில்ட் என்றால் மேலே படம், நடுவே பஞ்சு, அடியில் பின்துணி என்று மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைப்பது. எடுத்துக்கொண்ட காட்சி: தென்னாப்பிரிக்காவின் நேட்டால் வடகரையில், வெருலத்துக்கும் தொங்காட்டுக்கும் நடுவே ஒரு மேட்டில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிவது. காலடியில் பூத்த கரும்பு. அதற்கப்பால் அறுத்த கொல்லையும் அறுக்காத கொல்லையுமாக மூன்று வரிசைக் குன்று. கடைசியில் இந்துமாக்கடல் ஒரு கீற்று. முடிந்த அளவு: அகலம் 90 செ.மீ., உயரம் 60 செ.மீ. முழுதும் வீட்டுத் தையல் மெஷினில்.

துணிக் கணக்கு: ஷ்வேஷ்வே என்னும் தென்னாப்பிரிக்க அச்சுப் பருத்தி ஏழு தினுசு, ஒவ்வொன்றும் 25 செ.மீ.; வெளிர் பருத்தி அரை மீட்டர்; பழைய பட்டுச் சேலையின் முந்தியும் உடலும்; வெள்ளை, சாம்பல், கறுப்பு வலைத்துணி ஒவ்வொன்றும் அரை மீட்டர்; இஸ்திரிப் பசைத்தாள் 45 செ.மீ. அகலத்தில் இரண்டு மீட்டர், 80 சதம் பருத்தியும் 20 சதம் பாலியெஸ்டரும் கலந்த பஞ்சு அடுக்கு 110×80, பின்துணி 115×85. துண்டுகளை ஒட்டும் அடித்துணியை 100×70 வெட்டினோம். அடர்த்தியாகத் தைத்தால் துணி சுருங்கும். தைத்து முடித்து அளந்தபோது 97×67.5 இருந்தது. 90×60 தேவை என்று 92×62 வெட்டினால் ஓரம் கட்டத் துணி இருக்காது.

துணியைத் தயார் செய்தது

ஷ்வேஷ்வே கடையிலிருந்து வரும்போது அட்டை போல விறைப்பாக இருக்கும். முன்பு கப்பலில் வந்த துணியை ஈரம் தாக்காமலிருக்கப் போட்ட கஞ்சி பழக்கமாகி இன்றும் தொடர்கிறது. 1982-இல் தென்னாப்பிரிக்காவிலேயே, கிழக்குக் கேப் மாகாணத்து ஸ்வெலிட்ஷாவில் அச்சடிக்கத் தொடங்கிய பிறகும் அந்த விறைப்பை விடவில்லை. அதுதான் அசல் என்பதற்கு அடையாளம். விறைப்பாக இருக்கும்போதே வெட்டினால் கத்தரிக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றும். வெட்டக் கூடாது. கழுவியதும் 90 செ.மீ. அகலம் 86.5 ஆனது. கழுவாமல் தைத்து, பின்னால் ஒரு நாள் நீராவி பட்டால் அந்தத் துண்டு மட்டும் சுருங்கிப் பக்கத்துத் துண்டை இழுக்கும்.

நீலத்தைத் தனியாக, செங்காவியைத் தனியாக, குளிர்ந்த நீரில் அலசினோம். நீலம் நாலாவது தண்ணீரில்தான் தெளிந்தது. உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று இன்னமும் சொல்கிறார்கள். சாயம் ஏற்றும்போது சிலவகைச் சாயத்துக்கு உப்பு உதவும்; ஏற்றி முடித்த துணியில் அது எதையும் பிடித்து வைக்காது. வினிகரும் அப்படித்தான். அலசுவதுதான் வழி. கடைசித் தண்ணீரில் ஒரு வெள்ளைத் துணித் துண்டைப் பத்து நிமிடம் போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். அது வெள்ளையாகவே வந்தால் போதும்.

பட்டுக்கு நேர்மாறு: கழுவவே வேண்டாம். பழைய அரக்குச் சிவப்பு ஒரு சொட்டுத் தண்ணீருக்கே இறங்கும். ஈரப்பஞ்சை ஓரத்தில் ஒற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்த சோதனை வலிமை. துணியை இரண்டு விரல்களுக்கிடையே பிடித்து, பாவு (நீள நூல்) வாட்டத்தில் ஒரு தடவை, ஊடை (குறுக்கு நூல்) வாட்டத்தில் ஒரு தடவை மெல்ல இழுக்க வேண்டும். சரசரவென்று சத்தம் வந்தாலோ நூல் விலகினாலோ அந்த இடம் போய்விட்டது. சேலை கிழிவது பெரும்பாலும் பெட்டியில் மடித்து வைத்த கோட்டில்தான். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் மடிப்பு. இடுப்பில் உள்ளே செருகும் முதல் சுற்று வெயில் படாத இடம், நிறம் நன்றாக இருக்கும். எடுக்கிற பட்டு முழுவதற்கும் வெட்டுவதற்கு முன்பே, பின்பக்கம் மெல்லிய பின்னல்வகை இஸ்திரி உள்துணி ஒட்டிவிட வேண்டும். ஒட்டாமல் வெட்டிய முதல் துண்டு ஓரத்தில் 4 மி.மீ. வரை நூல் உதிர்ந்து, மலையின் கோடே மாறிப்போயிற்று.

ஜரிகையில் ஒரு எச்சரிக்கை. பழையது உலோகக் கம்பி சுற்றிய பட்டு நூல். மிதமான இஸ்திரிக்குத் தாங்கும். புதியதில் பல பிளாஸ்டிக் இழை. சூடு பட்டால் சுருண்டு பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டினால் உருகுகிறதா என்று தெரியும்.

வெளிச்சமும் இருட்டும்

முதல் தடவை துணிகளைச் சுவரில் குத்தி அடுக்கியபோது நிறமெல்லாம் சரி, படம்தான் தட்டை. தூரக் குன்று கிட்டக் குன்றின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கைபேசியில் கறுப்பு-வெள்ளையாக ஒரு படம் எடுத்ததும் காரணம் புரிந்தது: ஷ்வேஷ்வேயில் நீலமும் பழுப்பும் சிவப்பும் வெவ்வேறு நிறம், ஆனால் இருட்டு ஒன்றே. தூரம் என்பது நிறத்தில் இல்லை, வெளிறலில் இருக்கிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். அப்பால் போகப் போகக் குன்று பாலில் தோய்த்த மாதிரி ஆகிவிடும்.

துணிகளை ஒன்றிலிருந்து ஏழு வரை, ஒன்று மிக வெளிர், ஏழு மிக இருட்டு என்று வரிசைப்படுத்தினோம். வானம் 1, கடல் 3, தூரக் குன்று 2 முதல் 3, நடுக் குன்று 4, கிட்டக் குன்று 5 முதல் 6, காலடிக் கரும்பின் நிழல் 7. கையில் இருந்த ஏழு தினுசில் ஐந்து 5-க்கு மேல். புதிதாக வாங்காமல் மூன்று வழி செய்து பார்த்தோம்.

ஒன்று, துணியைத் திருப்பிப் போடுவது. பின்புறத்தில் வேலைப்பாடு மங்கித் தெரியும். நடுக் குன்றுக்கு அது பொருந்தியது. ஆனால் பின்புறத்தில் ஆலை முத்திரை (எங்கள் துணியில் மூன்று பூனைப் படம்) அச்சாகியிருக்கும்; அதைத் தவிர்த்து வெட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒரு குன்றின் நடுவில் மூன்று பூனை நின்றன. இரண்டு, வெள்ளை வலைத்துணியைத் தூரக் குன்றின்மேல் போர்த்துவது. ஒரு அடுக்குக்கு ஏறத்தாழ ஒரு படி வெளிறுகிறது, இரண்டு அடுக்குக்கு இரண்டு படி இல்லை, ஒன்றரைதான். மூன்று அடுக்கில் குன்று மறைந்து பனி மட்டும் தெரியும். மூன்றாவது வழி, சேலையின் சந்தன நிற உடல் பகுதியையே தூரக் குன்றாக வைப்பது. இதுதான் கடைசியில் நின்றது. பட்டு வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் காலைநேரக் கடல்பக்கத்துக் கூச்சம் தானாகவே வந்தது.

அச்சின் அளவையும் பார்க்க வேண்டும். 2 மி.மீ. புள்ளி தூரத்தில் அறுத்த கொல்லையின் அடிக்கட்டை போலவே இருக்கும். அதே புள்ளியைக் கிட்டத்தில் வைத்தால் துணி துணியாகவே தெரியும். கோடு போட்ட அச்சைக் குன்றின் வளைவுக்கு ஏற்பச் சாய்த்து வெட்டினால் கரும்பு வரிசை. சாய்வில் வெட்டிய துண்டு இழுபடும் என்பதால் பசைத்தாள் ஒட்டிய பிறகே வெட்டவும்.

ஒட்டுதல்

பசைத்தாளில் வரைவது கண்ணாடி பிம்பமாக இருக்க வேண்டும். படத்தைத் திருப்பி ஜன்னலில் ஒட்டி, பின்பக்கமிருந்து தடமெடுத்தால் குழப்பமில்லை. தூரத்துத் துண்டிலிருந்து கிட்டத்துத் துண்டு வரை எண் போட்டு, ஒவ்வொரு துண்டின் கீழ்விளிம்பிலும் 8 மி.மீ. கூடுதல் விட்டு, அடுத்த துண்டு அதன்மேல் ஏறும்படி வைத்தோம். இந்த 8 மி.மீ. மறந்தால் இரண்டு குன்றுக்கு நடுவே வெள்ளைக் கீறல்.

இஸ்திரி கம்பளிச் சூட்டில், ஐந்தாறு விநாடி, தேய்க்காமல் அழுத்தி எடுக்க வேண்டும். அதிகச் சூடு வைத்தால் பசை துணிக்குள் உறிஞ்சப்பட்டுப் பிறகு ஒட்டாது. குறைவென்றால் தாளை உரிக்கும்போது பசையும் கூட வரும். தாளை உரிக்கும் முன் முழுதும் ஆற வேண்டும். பட்டுக்கும் வலைத்துணிக்கும் மேலே பருத்தித் துணி போட்டுத்தான் அழுத்த வேண்டும். வலைத்துணி நேரடிச் சூட்டில் ஒரு நொடியில் ஓட்டையாகும்.

ஒரு விஷயம். தஞ்சாவூர்த் தேர்த் தொம்பையில் (தேரில் தொங்கும் துணிக் குழல்) ஒட்டுவேலை செய்பவர்கள் ஓரத்தை மடித்துத் தைக்கிறார்கள். வெயில், காற்று, ஆட்டம் எல்லாம் தாங்க வேண்டும். இங்கே செய்தது மடிக்காத ஓரம். சுவரில் தொங்க மட்டும் போதும், துவைக்க முடியாது.

கரும்புப் பூ

நேரம் அதிகம் பிடித்தது இதுதான். ஜூன் வாக்கில் பூக்கும் கரும்பின் தோகை வெள்ளியும் இளஞ்சிவப்பும் கலந்தது. மொத்தமாகப் பார்த்தால் புகை மாதிரி, ஒன்றை மட்டும் பார்த்தால் மயில் கழுத்து மாதிரி. பளபளக்கும் பாலியெஸ்டர் நூலில் கிளை கிளையாகத் தைத்துப் பார்த்தோம், பெரணி இலை போல விறைத்தது. பட்டுச் சேலையின் வெட்டு மிச்சத்திலிருந்து ஊடை நூலை உருவி வைத்ததே சரியாக வந்தது.

உள்துணி ஒட்டாத ஒரு துண்டிலிருந்து இருபது இழை உருவி, 4 செ.மீ. நீளத்துக்கு நறுக்க வேண்டும். 7 செ.மீ. தண்டைப் பழுப்பு நூலில் முதலில் தைத்துவிட்டு, அதன் மேல்பாதியில் இழைகளைக் குறுக்காக, சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பரப்பி, நடுவில் 1.5 மி.மீ. அகல வளைதையல் (ஜிக்ஜாக்) ஒன்று ஓட்ட வேண்டும். பிறகு பழைய பல்துலக்கி ஒன்றால் நடுவிலிருந்து வெளியே வாரினால் இழை பிரிந்து பஞ்சாகும். நுனியைச் சிறு கத்தரியால் கூம்பாக நறுக்கலாம். எல்லாப் பூவும் ஒரே பக்கம் சாய வேண்டும், காற்று ஒன்றுதான். பதினேழு பூ வைத்து, அடர்த்தி போதாமல் ஐந்து சேர்த்தோம். அறுத்த கொல்லையில் பூ வரக் கூடாது. அதே மாதங்களில் அறுவடையும் நடக்கும், அறுக்கும் முன் கொல்லையை எரிப்பதும் உண்டு. நடுக் குன்றின் பின்னால் எழும் புகைக்குச் சாம்பல் வலைத்துணியைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்து வைத்தோம். பறக்கும் கரிச்சுருளுக்குக் கறுப்பு வலைத்துணியின் 3 மி.மீ. துணுக்குகள்; எட்டோ பத்தோ போதும்.

கரும்பின் இலைத் தையலைப் பஞ்சு அடுக்கு வைக்கும் முன்பே, அடியில் கிழித்தெடுக்கும் தாள் கொடுத்துத் தைத்துவிட வேண்டும். பச்சையில் மூன்று சாயல், 40 எண் நூல், மெஷினில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கி, கீழிருந்து மேலாக வீச்சு. அப்படித் தைத்தும் கீழ்விளிம்பு ஒரு செ.மீ. சுருங்கியது. நீராவி காட்டி, இழுத்துக் குத்திக் காயவைத்த பிறகே மூன்று அடுக்கையும் சேர்த்தோம்.

அடுக்கைத் தைத்தது

பின்துணியைத் தரையில் விறைப்பாக, ஆனால் இழுபடாமல் டேப் ஒட்டி, மேலே பஞ்சு, மேலே படம். 10 செ.மீ.க்கு ஒரு வளைந்த ஊக்கு (சேஃப்டி பின்). பட்டில் ஊக்கு குத்த வேண்டாம், ஓட்டை மறையாது; அங்கே மெல்லிய ஊசியில் கையால் தற்காலிகத் தையல். பட்டுக்கு 70 எண் கூர்முனை ஊசி, மற்றதற்கு 80, ஜரிகை நூலுக்கு நீண்ட கண்ணுள்ள 90. ஜரிகையின் மேலேயே தைத்தால் ஊசிமுனை விரைவில் மழுங்கும். டக்டக்கென்று சத்தம் மாறியதும் ஊசியை மாற்றிவிட வேண்டும்.

பின்பக்கம் வளைவுகளில் கண்ணிமை மயிர் போல மேல்நூல் நீட்டிக்கொண்டிருந்தால் மேல்நூல் இழுப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது கை மெஷினைவிட வேகமாக ஓடுகிறது. முன்பக்கம் பாபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இழுப்பு அதிகம். இதே மூன்று அடுக்கில் 20×20 துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நூல் மாற்றும்போதெல்லாம் அதில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் படத்துக்குப் போனோம்.

முதலில் குன்றின் விளிம்புக் கோடுகள், நடுவிலிருந்து வெளியே. கடலில் கிடைக்கோடு: தொடுவானத்தில் 3 மி.மீ. இடைவெளி, கரைப்பக்கம் 10 மி.மீ. வானத்தை முதலில் வெறுமையாக விட்டோம், அழகு என்று நினைத்து. கீழே கரும்பு நெருக்கி இழுக்க, வானம் தலையணை மாதிரி உப்பியது. 2 செ.மீ. இடைவெளியில் நீண்ட அலைக்கோடு போட்ட பிறகே அடங்கியது. ஒரு பகுதியின் அடர்த்தி பக்கத்துப் பகுதியைவிட மூன்று நாலு மடங்குக்கு மேல் போனால் இந்தக் கதிதான்.

நடுக் குன்றில் வரிசைக் கோட்டுக்குப் பதிலாக எண் எழுதியிருக்கிறது. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியதிலிருந்து 1911 வரை வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு எண். கப்பல் பட்டியலில் தேடினால் குடும்பத்து எண் கிடைக்கலாம். ஆறு இலக்கம் என்றாலும் ஒரு இலக்கத்துக்கு 12 மி.மீ. உயரம், 8 மி.மீ. அகலம் எடுத்தால் 5 செ.மீ.க்குள் முடியும், திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே போனால் குன்றின் வளைவு நிரம்பும். துணியின் நிறத்திலேயே நூல். இரண்டடி தள்ளி நின்றால் கரும்பு வரிசை, கிட்டே வந்தால் எண். வேறு நிற நூலில் முயன்றபோது பள்ளிக்கூடப் பலகை போலிருந்தது, பிரித்துவிட்டோம்.

ஓரமும் தொங்கலும்

ஈரம் தெளித்து, நுரைப் பலகையில் மூலை சதுரமாகக் குத்தி ஒரு இரவும் பகலும் காயவைத்தோம். டர்பன் பக்கத்துக் கோடையில் இரண்டு நாள் வேண்டும். பிறகு 91.2×61.2 வெட்டி, ஓரப்பட்டி வெளியே தெரியாமல், 6 செ.மீ. பட்டியைப் பின்பக்கம் திருப்பித் தைத்தோம். காட்சிக்குச் சட்டம் போட்ட மாதிரி பட்டி தெரிந்தால் குன்று அங்கேயே நின்றுவிடும். இப்படி என்றால் அப்பாலும் போகிறது. திருப்பும் முன் பட்டியின் மேல் 3 மி.மீ. உள்ளே ஒரு வரி ஓட்டினால் பட்டி முன்பக்கம் எட்டிப் பார்க்காது.

பின்பக்க மேல்விளிம்பில் 22 செ.மீ. துணியைக் குழலாகத் தைத்து, 10 செ.மீ. உறையாகக் கையால் கோத்தோம். கம்பு நுழைந்ததும் முன்பக்கம் புடைக்காமலிருக்க, உறையின் வெளிப்பக்கத்தை ஒரு செ.மீ. தொளதொளவென்று விட வேண்டும்.

நேர் வெயில் படும் சுவர் வேண்டாம், பட்டுதான் முதலில் போகும். எடுத்து வைப்பதானால் மடிக்காமல், படம் வெளிப்பக்கம் இருக்கும்படி உருளையில் சுற்றி, பழைய பருத்தி விரிப்பில் பொதிய வேண்டும். தைக்கும் வசதிக்காக அடித்துணியில் தெளித்த கஞ்சி மிச்சமிருந்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும். இந்த ஊர் ஈரத்தில் அது பட்டையும் கஞ்சியையும் விடாது. நாலு மாதத்துக்கு ஒருமுறை சுவரிலிருந்து இறக்கி, பின்பக்க உறைக்குள் விரல் விட்டுப் பார்த்துவிட வேண்டும். முதலில் அங்கேதான் குடியேறும்.