மேலே 149, கீழே 93

மார்ச் 3, இரவு

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனேன். நாற்காலியில் சாய்ந்ததும் பிரஷர் பார்த்தார்கள்: 182/110. "இன்னைக்குப் பல்லைத் தொட முடியாது சார், முதல்ல இதைக் கவனிங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மாலையில் எங்கள் வழக்கமான டாக்டரிடம் 158/96. வலியும் பயமும் சேர்ந்தாலே எண் ஏறுமாம். மாத்திரை எழுதவில்லை. ஒரு வாரம் காலை, மாலை இரண்டிரண்டு முறை வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். வீட்டுச் சராசரி 135/85ஐத் தாண்டினால் பிரஷர் இருப்பதாகத்தான் அர்த்தம். தலைவலி, மயக்கம் என்று எனக்கு ஒன்றுமே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 4

அளப்பதற்கே ஒரு சாஸ்திரம் இருக்கிறது. காபிக்கு முன்னால், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பட்டை கட்டிய கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும். தொங்கவிட்டால் எண் கூடிவிடும். பேசவும் கூடாது. பட்டை இறுகும் நேரம் பார்த்து, "என்னங்க, கேஸ் புக் பண்ணியாச்சா?" என்று அடுப்படியிலிருந்து குரல். பதில் சொன்னேன்: 161/98. வாயை மூடிக்கொண்டு இன்னொரு தடவை: 152/94.

மார்ச் 5

அச்சகத்தில் மூன்று மணி நேரம் புரூஃப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தேன். ஒரு நொடி கண் இருட்டி, உடனே தெளிந்தது. இத்தனை வருடமாக நடப்பதுதான். இன்றுதான் ஏன் என்று படித்தேன்.

எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதைத் துடிப்புக்குத் துடிப்பு மூளைத்தண்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. விரிவு குறைந்தால் இதயம் வேகம் எடுக்கிறது, சின்னக் குழாய்கள் இறுகுகின்றன. எல்லாம் சில நொடிகளில்.

இவ்வளவு உஷாரான காவல் என் 150ஐ ஏன் விட்டுவைத்தது? அழுத்தம் சில நாள் உயரத்திலேயே நின்றால் அந்த நரம்புகள் அதையே வழக்கமாக எடுத்துக்கொள்கின்றனவாம். அப்புறம் 150ஐக் குறைக்காமல் காப்பாற்றவே பார்க்கும். எனக்கு இது புரிகிறது. ஒரே பிழையை நாற்பது பக்கம் பார்த்தால் கடைசியில் சரியான எழுத்தைத்தான் திருத்துவேன்.

மார்ச் 6

148/92. மாலையில் மறந்துவிட்டேன்.

மார்ச் 7

நரம்பு நொடிக்கணக்கு; நாள்கணக்கு, வருடக்கணக்கெல்லாம் சிறுநீரகத்தின் கையில். அழுத்தம் ஏறினால் அது உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும், ரத்தத்தின் அளவு குறையும், அழுத்தம் இறங்கும். பிரஷர்காரனின் சிறுநீரகத்தில் இந்தக் கணக்கு மேலே தள்ளிப் போயிருக்கும். அதே உப்பைக் கழிக்க அதற்கு இப்போது அதிக அழுத்தம் தேவை.

1898இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலுக்கு ஏற்ற, அதன் அழுத்தம் உயர்ந்தது. சாற்றில் இருந்ததற்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். 1934இல் கோல்ட்பிளாட் என்ற ஆய்வாளர் நாய்களின் சிறுநீரகத் தமனியை இடுக்கியால் நெருக்கிக் காட்டினார், அங்கேயும் பிரஷர். ரத்தம் குறைகிறது என்று சிறுநீரகம் நினைத்தால் ரெனினை விடும். அது கல்லீரலிலிருந்து வரும் ஒரு புரதத்தை வெட்ட, நுரையீரலில் இன்னொரு வெட்டு விழுந்து ஆஞ்சியோடென்சின் 2 உருவாகிறது. அது குழாய்களை இறுக்கும். அட்ரினல் சுரப்பி மூலம் உப்பைப் பிடித்துவைக்கவும் சொல்லும்.

மளிகைச் சீட்டைப் பார்த்தேன். மூன்று பேருக்கு மாதம் ஒரு கிலோ உப்பு. தலைக்கு நாளொன்றுக்கு 11 கிராம். கழுவிக் கொட்டுவதற்கு இரண்டைக் கழித்தாலும் ஒன்பது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். கடை அப்பளமும் ஊறுகாயும் இந்தக் கணக்கில் வரவில்லை. இந்துப்புக்கு மாறலாம் என்றாள் மகள். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், விலைதான் வேறு.

மார்ச் 9

அப்பாவுக்கு 61இல் பக்கவாதம். அவரும் "எனக்கென்ன" என்றவர்தான். பிரஷர் உள்ள பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது: பரம்பரை, உப்பு, எடை, குடி, வயது எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். அழுத்தத்தைத் தாங்கச் சின்னத் தமனிகள் சுவரைத் தடிக்கவைக்கின்றன. உள்ளே வழி சுருங்குகிறது. விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே தடை ஒன்றரை மடங்கு. அதனால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது.

மார்ச் 11

முதல் நாளைத் தள்ளிவிட்டு டாக்டர் கூட்டிப் பார்த்தார். சராசரி 149/93. டெல்மிசார்டன் 40, தினம் ஒன்று. ஆஞ்சியோடென்சின் வந்து உட்காரும் இடத்தை இது முன்னாலேயே பிடித்துக்கொள்ளும். அத்தைக்கு எனலாப்ரில் கொடுத்து வறட்டு இருமல் வந்ததைச் சொன்னேன். அந்த வகை வேறு, நுரையீரலில் நடக்கும் வெட்டைத் தடுப்பது, இருமல் அதில்தான் அதிகம் என்றார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க ரத்தம் கொடுத்தாயிற்று.

மதியம் ரசத்தில் உப்பே இல்லை. கேட்கவில்லை. பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது.