32 வயதில் என்ன தளர்ச்சி என்று கேட்டார்கள்

தம்பிக்கு டயாலிசிஸ் ஏற்பாடு எளிதாகவே முடிந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது, இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைப்பது) போட்டார்கள், வாரம் மூன்று முறை நான்கு மணி நேரம். அலைச்சல் அதன் பிறகுதான்.

தம்பியால் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்று சொன்னேன். "டயாலிசிஸ் என்றால் களைப்பு இருக்கும்மா. சின்ன வயதுதானே, தேறிவிடுவார்" என்றார்கள். ஹீமோகுளோபினுக்கு ஊசி போட்டார்கள். ரத்தம் ஏறியது, கால் தேறவில்லை. பக்கத்துப் படுக்கைப் பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். இவன் சுவரைப் பிடித்து நடந்தது யார் கண்ணிலும் படவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எடையும் ஏமாற்றியது. டிரை வெயிட், அதாவது கூடுதல் நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை என்று அவர்கள் குறித்தது, மாறவே இல்லை. கரைந்த சதையின் இடத்தில் நீர் சேர்ந்திருந்தது. கணுக்கால் வீங்கி, இரவில் மூச்சு வாங்கிய பிறகே ஓர் இளம் மருத்துவர் கவனித்து டிரை வெயிட்டைக் குறைத்தார். கால்சட்டை இடுப்பில் தளர்ந்தும் எடை அப்படியே இருந்தால் உடனே கேளுங்கள்.

அவர்தான் பிசியோதெரபிக்கும் எழுதிக் கொடுத்தார். லிஃப்ட் ஓடாத கட்டடம். டயாலிசிஸ் முடித்த களைப்போடு தம்பி மாடியேறினான். "எலும்பு முறிவா, பக்கவாதமா? வெறும் பலவீனத்துக்குச் சீட்டு போட முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். எடை இழப்பு, களைப்பு, கைப்பிடி வலு, நடை வேகம், உடலியக்கம் என ஐந்தையும் பார்த்து, மூன்றில் குறை இருந்தால் தளர்ச்சி என்று முடிவு செய்யும் முறை 2001 முதல் இருக்கிறது. அதன்படி சோதித்து, முடிவைத் தாளில் எழுதி வாங்குங்கள். கைப்பிடியை ஃபிஸ்டுலா இல்லாத கையில் பார்க்கச் சொல்லுங்கள். தம்பிக்கு நான்கில் குறை. தாளை நீட்டினேன், சீட்டு கிடைத்தது.

சாப்பாட்டு விஷயம் இன்னும் மோசம். டயாலிசிஸுக்கு முன்பு தந்த, புரதத்தைக் குறைக்கச் சொல்லும் தாளை யாரும் மாற்றித் தரவில்லை. டயாலிசிஸ் தொடங்கியவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும்: ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம். சண்டை போட்டுத்தான் உணவியல் நிபுணரைப் பார்த்தோம். பாஸ்பரஸ் ஏறாமலிருக்க, மஞ்சள் கருவை நீக்கி வெள்ளைக்கரு கொடுக்கச் சொன்னார்.

இப்போது டயாலிசிஸின் முதல் பாதியில் படுத்தபடியே பெடல் மிதிக்கிறான். போன வாரம் கை ஊன்றாமல் தொடர்ந்து ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தான். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்திருக்கிறோம்; அழைப்பு வருவதற்குள் அறுவை சிகிச்சையைத் தாங்கும் அளவுக்கு அவனைத் தேற்றிவிட வேண்டும்.