171-ஆம் இடத்தில் என்ன இருக்கிறது?

பிரிட்டனில் 2001-இல் தேசிய ஸ்க்ரேப்பி திட்டம் தொடங்கியதும் செம்மறிக் கிடாக்களின் ரத்தம் சோதனைக்குக் குவிந்தது. ஸ்க்ரேப்பி என்பது ஆடு கம்பத்தில் உரசி உரசியே கம்பளி உதிர்ந்து, நடை தள்ளாடிச் சாகும் மூளை நோய், மருந்து கிடையாது. இந்த நோயில் உருக்குலையும் ப்ரையான் புரதத்துக்கான மரபணுவில் 136, 154, 171 ஆகிய மூன்று இடங்களைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் எந்த அமினோ அமிலம் என்பதை ஓர் எழுத்தால் குறித்து, மூன்றையும் சேர்த்து எழுதுவோம்; ஏஆர்ஆர் என்றால் 136-இல் ஏ, 154-இல் ஆர், 171-இல் ஆர். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரு பிரதியும் ஏஆர்ஆர் என்றால் ஆடு அநேகமாகத் தப்பிக்கும். விஆர்க்யூ இருந்தால் எளிதில் விழும்.

ரத்தம் ஊதா மூடி போட்ட, இடிடிஏ என்ற உறைதடுப்பு மருந்துள்ள குழாயில் வர வேண்டும். ஹெப்பாரின் என்ற வேறு உறைதடுப்பு உள்ள குழாயில் வந்தால், மரபணுத் துண்டைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் படுத்துவிடும்.

சிக்கல் 171-இல்தான். அங்கே டிஎன்ஏவின் மூன்று எழுத்துகள் சிஏஜி என்றால் அமினோ அமிலம் க்யூ, சிஜிஜி என்றால் ஆர், சிஏடி என்றால் ஹெச். நடு எழுத்தை மட்டும் பார்க்கும் சோதனைக்கு க்யூவும் ஹெச்சும் ஒன்றுதான். ஒரே ஆட்டில் 136-இல் ஏ, வி இரண்டும், 171-இல் ஆர், க்யூ இரண்டும் தெரிந்தால், ஒரே பிரதியில் எது எதோடு சேர்ந்தது? டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் வழக்கமான சீக்வென்சிங் அதைச் சொல்லாது. விஆர்ஆர் மிக அரிது என்பதால் ஏஆர்ஆர்/விஆர்க்யூ என்று எழுதுகிறோம். அது அனுமானம்தான்.

இதைவிட மோசமானது, பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான ப்ரைமர் ஒட்டும் இடத்திலேயே ஒரு எழுத்து மாறியிருப்பது. ஒரு பிரதி பெருகாது. ஏஆர்ஆர்/ஏஆர்க்யூ ஆடு சுத்த ஏஆர்ஆராகத் தெரியும். கிராஃபில் ஒரு பிசிறும் இருக்காது, விடை தெரிந்த மாதிரிகளான கன்ட்ரோல்களும் சரியாகவே வரும். பிடிக்க ஒரு வழி, குட்டிகளைப் பார்ப்பது. சுத்த ஏஆர்ஆர் கிடாவின் ஒவ்வொரு குட்டியிலும் ஓர் ஏஆர்ஆர் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் காது வில்லை மாறியிருக்கும், பக்கத்துப் பண்ணைக் கிடா வேலி தாண்டியிருக்கும், அல்லது ப்ரைமர் ஏமாற்றியிருக்கும். முதல் இரண்டும் இல்லை என்றானால், வேறு இடத்தில் ஒட்டும் ப்ரைமர் ஜோடியால் மறுபடி ஓட்ட வேண்டும்.

மனிதரில் இதே மரபணுவின் 129-ஆம் இடம் முக்கியம். 1996-இல் அறிவிக்கப்பட்ட புதுவகை சிஜேடி என்ற மனித மூளை நோயில், சோதித்த நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் அங்கே இரு பிரதியிலும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். மற்றவர்கள் தப்பித்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு பிரதியில் மெத்தியோனினும் மற்றதில் வாலின் என்ற அமினோ அமிலமும் கொண்ட ஒருவர் 2016-இல் அதே நோயால் இறந்தார்.

ஆட்டிலும் அப்படித்தான். 1998-இல் நார்வேயில் தெரியவந்த வேறுவகை ஸ்க்ரேப்பி ஏஆர்ஆர் ஆடுகளையும் பிடிக்கிறது. அதனால் அறிக்கையில் வெறுமனே 'எதிர்ப்புத் திறன் உண்டு' என்று எழுதக் கூடாது. 'பழைய வகை ஸ்க்ரேப்பிக்கு' என்று முன்னால் சேர்க்க வேண்டும், கட்டத்தில் இடம் போதாவிட்டாலும்.