ரீல் வரும்வரை

1974-ல், 17 வயதில், மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை படக்கொட்டகையில் ஆப்பரேட்டருக்குக் கையாளாகச் சேர்ந்தேன். ஊர்ப்பெயர் இப்போது பெஸ்தாரி ஜெயா. என் வாயில் பழைய பெயர்தான் வரும்.

கோலாலம்பூர் கொலிசியம் தியேட்டர், 1920களின் தொடக்கத்தில் சுவா குடும்பம் கட்டியது, பேர்போன இடம். எங்கள் கொட்டகையும் ஒரு சீனக் குடும்பத்தின் சொத்துதான், ஆனால் தகரக் கூரை. தவுக்கே, அதாவது முதலாளி, வாசலில் டிக்கெட் கிழிப்பார். வீட்டம்மா கவுண்டரில் உட்காருவார். மூத்த மகன் மோட்டார் சைக்கிளில் ரீல் ஏற்றி வருவார். ஷா, கேத்தே போன்ற பெரிய கம்பெனிக் கொட்டகைகளில் மேனேஜர் இருப்பார். இங்கே உடைந்த பெஞ்சுக்கு ஆணி அடிப்பதும் தவுக்கேதான்.

மெஷின் ரூம் அனலாய்க் கொதிக்கும். இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிக்கு நடுவே எரியும் வெளிச்சத்தில்தான் படம் ஓடும். குச்சி தேயத் தேய இடைவெளி கூடி, திரையில் முகங்கள் மங்கும். திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருக்கவேண்டும். 2,000 அடி ரீல் 22 நிமிடம் ஓடும். முடியும் நேரத்தில் திரையின் வலது மேல்மூலையில் ஒரு பொட்டு மின்னும். அடுத்த மெஷினை ஓடவிடவேண்டும். ஏழு விநாடியில் இரண்டாவது பொட்டு, மாற்றிவிடவேண்டும். அந்த ஏழு விநாடி எனக்கு மூச்சே வராது.

ஒரே பிரதியை இரண்டு ஊர்கள் பங்குபோட்டு ஓட்டுவோம். அங்கே ஓடி முடிந்த ரீல் இங்கே வரவேண்டும். சம்பளம் போட்ட ஒரு சனிக்கிழமை, கொட்டித் தீர்த்தது மழை. ஐந்தாவது ரீல் வரவில்லை. ரப்பர் தோட்டத்து லோரிகளில் வந்த சனம் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. தவுக்கே டார்ச் லைட்டோடு ரோட்டுக்கே போய்விட்டார். வீட்டம்மா திரைக்கு முன்னால் வந்து நின்று, தனக்குத் தெரிந்த தமிழில், "மகன் வருது, கொஞ்சம் பொறு" என்றார். யாரும் கத்தவில்லை. "மெதுவா வரட்டும்மா, நாளைக்கு வெட்டு இல்ல" என்றார் பின்னாலிருந்த பெரியவர் ஒருவர். மரம் நனைந்தால் பால்வெட்டு ஏது?

முக்கால் மணி நேரம் கழித்து மகன் வந்தார். உடுத்தியிருந்த மழைக்கோட்டைக் கழற்றி ரீல் பெட்டிக்குச் சுற்றியிருந்தார். உடம்பெல்லாம் ஈரம், பெட்டியில் ஒரு சொட்டு இல்லை.

80களில் வந்த வீடியோதான் கொட்டகையைக் கொன்றது என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். அதற்கு அத்தனை ஆள் தேவையில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்கள் காலியாகின. லோரி ஏறி வரச் சனமே இல்லாதபோது யாருக்குப் படம் காட்டுவது? கடைசி இரண்டு வருடம் தவுக்கே கைக்காசு போட்டுத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார். நான் கேட்காமலே.

பிறகு அங்கே மரச்சாமான் கடை வந்தது. ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தேன். திரையை நோக்கிச் சரியும் அதே தரை. அலமாரிகள் சாயாமல் நிற்க, ஒவ்வொன்றின் முன்கால்களுக்கும் அடியில் பலகைத் துண்டு வைத்திருந்தார்கள்.