18 வேலி நிலமும் ஒரு வடிகாலும்: வளாகத்துக்கு மாஸ்டர் பிளான் போட்ட அனுபவம்

புது வளாகத்துக்கு மாஸ்டர் பிளான் தயாரிக்கும் குழுவில் என்னை உறுப்பினர்-செயலராகப் போட்டு ஆணை வந்தபோது, நான் பல்கலைக்கழகத்தின் எஸ்டேட் பிரிவில் உதவி செயற்பொறியாளர். அதுவரை நான் பார்த்த வேலையெல்லாம் சுற்றுச்சுவர், விடுதிக்கு மேல்நிலைத் தொட்டி, ஒழுகும் கழிப்பறை. ஒரு வளாகம் முப்பது வருடத்தில் எப்படி வளர வேண்டும் என்று வரைந்து காட்டும் வேலை எனக்குப் புதிது. ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். இரண்டே கால் வருடம் ஆனது. டெல்டாவில் வேறு யாராவது இதே வேலையில் மாட்டினால் உதவட்டும் என்று எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம்.

இடம் கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் நடுவில். 120 ஏக்கர். ஊர்க்கணக்கில் 18 வேலி. மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று இன்னமும் மனக்கணக்காகச் சொல்கிறவர்கள் அங்கே உண்டு. நிலம் முழுக்க நஞ்சை.

தஞ்சாவூர்ப் பக்கம் பாருங்கள். 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் திருச்சி சாலையில், வல்லம் வரை நீளும் செம்மண் மேட்டுப் பக்கம் இருக்கிறது. பிறகு வந்த தனியார் பல்கலைக்கழகங்களும் அந்த மேட்டையே தேடிப் போயின. மேட்டில் மழைத் தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடிவிடும். கிழக்கே வர வர அந்த வசதி கிடையாது. 2009-ல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம் நீலக்குடியில் வெட்டாற்றை ஒட்டியே இருக்கிறது. எங்களுக்கும் ஆறும் வாய்க்காலும் வயலும்தான் விதித்தது.

முதல் வரைபடம் சென்னையிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் குழு போட்டது. பார்க்க அவ்வளவு அழகு. முகப்பிலிருந்து நூலகம் வரை ஒரே நேர்க்கோட்டுச் சாலை, இருபுறமும் மரங்கள், நடுவில் ஒரு செயற்கை ஏரி, பின்னால் விடுதிகள். குழுவில் எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். நிலத்தின் குறுக்கே வளைந்து வளைந்து ஓடும் வடிகாலை அவர்கள் நேராக்கி, சாலையோரக் கால்வாயாக மாற்றியிருந்தார்கள். அது அப்போது யார் கண்ணிலும் உறுத்தவில்லை.

அக்டோபர் கடைசியில், முதல் பெருமழை விட்ட மறுநாள், வரைபடச் சுருளை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போனோம். வரப்பில் நடக்க முடியாமல் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றிருந்தபோது, பக்கத்து வயலில் மடை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். எங்கள் ஏரி எங்கே வருகிறது என்று கேட்டார். காட்டினேன். சிரித்துவிட்டார்.

"தம்பி, அதான் இந்தத் தாக்குலயே மேடு. அங்க தண்ணி நிக்காது. நீங்க ஆஸ்டல் போட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் நிக்கும்."

அப்புறம் வடிகாலைக் காட்டினார். "மேல அறுவது வேலித் தண்ணி இதுலதான் வடியணும். இத நீங்க திருப்பினா மேலத்தெரு சம்பா பூரா அழுவிப் போயிடும். அப்பறம் எங்க ஆளுங்க மம்பட்டியோட வந்து உங்க காம்பவுண்ட வெட்டி விட்டுடுவாங்க. கோச்சுக்கக் கூடாது."

மிரட்டலாகச் சொல்லவில்லை. நடக்கப் போவதை முன்கூட்டிச் சொல்லும் தொனிதான். திரும்பி வரும் வழியில் காரில் யாரும் பேசவில்லை.

அவர் சொன்னது உண்மையா என்று பார்க்க நில அளவைத் தாள்களை மறுபடி விரித்தேன். தப்பு அங்கேதான் இருந்தது. சமமட்டக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, ஒரு மீட்டர் உயர இடைவெளியில் போட்டிருந்தார்கள். மலையடிவாரத்துக்கு அது போதும். எங்கள் 120 ஏக்கரில் மிக உயர்ந்த இடத்துக்கும் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் வித்தியாசமே 1.1 மீட்டர்தான். ஒரு மீட்டர் இடைவெளியில் போட்டால் ஒரே ஒரு கோடு வரும். அதை வைத்து "நிலம் சமதளம்" என்று அறிக்கை எழுதியிருந்தார்கள். டெல்டாவில் சமதளம் என்று ஒன்று கிடையாது. தண்ணீருக்குத் தெரியும் சரிவு நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே.

பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் மறுபடி மட்டம் எடுக்கச் சொன்னேன். கூடுதல் செலவுக்குக் கையெழுத்து வாங்க ஒரு மாதம் ஆனது. புதுத் தாளில் பதினொரு கோடுகள். வடிகாலின் இரு பக்கமும் அவை உள்ளங்கை ரேகை மாதிரி வளைந்து கிடந்தன. பெரியவர் சிரித்த மேடு தென்மேற்கில் அப்படியே தெரிந்தது.

அதே தாளின் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் மழை என்பது வடகிழக்குப் பருவத்தில் எங்களுக்குப் புதிதல்ல. 120 ஏக்கரில் அது ஏறக்குறைய 48,500 கன மீட்டர், அதாவது 4.85 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அள்ளினால் நாலாயிரம் நடை. இது எங்கள் நிலத்தில் விழும் மழை மட்டும்; மேலேயிருந்து வரும் தண்ணீர் தனி. வயலாக இருந்தவரை வரப்புகள் அதைப் பிடித்து வைத்து மெதுவாக விட்டன. கூரையும் தார்ச்சாலையும் வந்துவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிவரும். அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த ஒரு தாளைத்தான் வைத்தேன். வேறு எதுவும் பேசவில்லை.

அதன் பிறகு வேலை தலைகீழானது. கட்டடத்தை வைத்துவிட்டுத் தண்ணீருக்கு வழி தேடுவதை விட்டு, வடிகாலை முதலில் வரைந்தோம். கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு. புல வரைபடத்தில் இருந்த அகலத்தில் பாதிகூடத் தரையில் இல்லை. இரு பக்கத்து வரப்பும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்திருந்தன. பதிவேட்டில் உள்ள முழு அகலத்தையும் விட்டு, அதற்கு மேல் இரு பக்கமும் பத்து மீட்டர் எதுவும் கட்டாத பட்டை ஒதுக்கினோம். பழைய வரைபடத்தில் சாலை அந்த வடிகாலை ஐந்து இடத்தில் கடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாலம், நீர்வளத்துறையில் ஒரு அனுமதி. அதை இரண்டாகக் குறைத்தோம். அந்த இரண்டு இடம் எது என்று முடிவானதும் மீதிச் சாலைகள் தானாக அமைந்தன. வகுப்பறைகளும் நூலகமும் தென்மேற்கு மேட்டுக்குப் போயின. நேர்க்கோட்டுச் சாலை போனதில் கட்டடக் கலைஞருக்கு வருத்தம்தான். ஆனால் அவரே பின்னாளில், வளைவான பாதைதான் நடக்க நன்றாக இருக்கிறது என்றார்.

ஏரி விஷயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. நிலத்தின் தாழ்ந்த மூலை வடகிழக்கு. குளம் அங்கேதான் வர வேண்டும். குழுவில் வாஸ்து பார்க்கும் மூத்தவர் ஒருவர் அதுவரை எல்லாவற்றுக்கும் ஆட்சேபம் சொல்லிக்கொண்டிருந்தார். ஈசானிய மூலையில் தண்ணீர் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. சமமட்டக் கோடும் வாஸ்துவும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். அந்தத் தீர்மானம் ஐந்து நிமிடத்தில் நிறைவேறியது.

குளத்து மண்ணைப் பற்றி எனக்கு ஒரு பெருமை இருந்தது. பத்து ஏக்கரில் ஒன்றரை மீட்டர் ஆழம் வெட்டினால் 60,700 கன மீட்டர் மண் வரும். கட்டடம் வரும் பதினைந்து ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்த வேண்டியதும் அதே 60,700. வெளியிலிருந்து ஒரு லாரி மண்கூட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மண் பரிசோதனை அறிக்கை வந்ததும் அந்தப் பெருமை போனது. எங்கள் மண் கருங்களி. ஏப்ரலில் அந்த வயலில் வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதைத் தளத்துக்குக் கீழே கொட்டினால் இரண்டே வருடத்தில் டைல்ஸ் தூக்கிக்கொள்ளும். கடைசியில் களிமண் மைதானத்துக்கும் தோட்டத்துக்கும் கரைகளுக்கும் போனது. கட்டடத்துக்கும் சாலைக்கும் கிராவல் வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. அடித்தளம் அண்டர்ரீம் பைல்: ஈரம் ஏறி இறங்கும் மண்ணைத் தாண்டி இறக்கி, அடியில் குமிழ் மாதிரி அகலப்படுத்தும் முறை. மதிப்பீடு ஏறியது. அதற்கும் திட்டு எனக்குத்தான்.

மண் பரிசோதனைக்குக் காலம் பார்த்துப் போங்கள். நாங்கள் நவம்பரில் மண்ணில் துளையிடும் இயந்திரத்தை இறக்கி, அது அச்சு வரை புதைந்து, டிராக்டர் கட்டி இழுத்தோம். சம்பா அறுவடை முடிந்த பிப்ரவரியிலிருந்து மே வரைதான் நிலம் காலுக்குக் கீழே நிற்கும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால், கொஞ்ச நாளில் வாய்க்காலில் தண்ணீர் வந்து நிற்கும்.

விதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு 2 (எல்லா மாடிகளின் பரப்பும் சேர்ந்து மனைப் பரப்பில் இரண்டு மடங்கு வரை) என்பதெல்லாம் 120 ஏக்கருக்குக் கவலையே இல்லை. உயரம்தான் கவனிக்க வேண்டியது. 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம், நிபந்தனைகள் வேறு. நாங்கள் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடக்கினோம். தண்ணீர்த் தேவைக்கு விடுதியில் ஆளுக்கு 135 லிட்டர், பகலில் வந்து போகிறவர்களுக்கு 45 என்று வைத்தோம். 2,000 பேர் விடுதி, 3,000 பேர் வெளியே என்றால் நாளைக்கு 4,05,000 லிட்டர். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் அளவும் இடமும் இதிலிருந்துதான் வரும். அதைக் கடைசியில் மூலையில் செருகிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மின்மாற்றி மேடையையும் வெள்ள மட்டம் பார்த்து உயர்த்தினோம். 2018 நவம்பரில் கஜா அடித்ததைப் பார்த்தவர்கள் யாரும் கம்பத்தில் கம்பி இழுக்கச் சம்மதிக்கவில்லை.

பெண்கள் விடுதிக்கு நிர்வாகம் சொன்ன இடம் வளாகத்தின் கடைசிக் கோடி. "பாதுகாப்பு" என்றார்கள். பழைய விடுதியில் இருந்த மாணவிகளைக் கூட்டி உட்கார வைத்துக் கேட்டேன். ஒரு பெண் எழுந்து, "சார், கடைசி பஸ்ல இறங்கி அவ்வளவு தூரம் இருட்டுல யார் நடக்கறது?" என்றார். இன்னொருவர் துணி காயப்போட இடம் எங்கே என்றார். வரைபடத்தில் அப்படி ஒரு இடமே இல்லை. மூன்றாவது ஆள் கேட்டது எங்கள் யாருக்கும் தோன்றாதது: பக்கத்து வயலில் பூச்சி மருந்து அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்க முடியுமா? விடுதியை முன்பக்கம், நிறுத்தத்துக்கு அருகே கொண்டுவந்தோம். மொட்டை மாடியில் பாதிக்குத் துணிக்கொடி கட்டும் கம்பிகள். வயலை ஒட்டிய எல்லை நெடுகிலும் மூன்று வரிசை மரம். இரண்டு வருடத்தில் நடந்த கூட்டங்களிலேயே உருப்படியானது அந்த ஒன்றரை மணி நேரம்தான் என்பேன்.

ஊர்க் கூட்டத்தில் ஒருவர், 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகு இங்கே எப்படிக் கட்டலாம் என்று கேட்டார். அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலில் உருக்காலை, தோல் பதனிடுதல், எண்ணெய்-எரிவாயுத் துரப்பணம், கப்பல் உடைப்பு போன்றவை உண்டு. கல்வி நிறுவனம் இல்லை. அதைத்தான் பதிலாகச் சொன்னோம். ஆனால் 18 வேலி நஞ்சையை மூடுகிறோம் என்ற நினைப்பு எனக்குப் போகவில்லை. முதல் கட்டத்தை 35 ஏக்கருக்குள் நெருக்கி வைத்து, அடுத்த கட்டங்களுக்கான நிலத்தில் அதுவரை சாகுபடி நடக்கட்டும் என்று எழுதச் சொன்னேன். செடி நட்டு "பசுமைப் பரப்பு" காட்ட நினைத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

அனுமதிகளில் நஞ்சையை மாற்றுவதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு, வேளாண் துறையின் கருத்து, வெள்ள மட்டம் பற்றி நீர்வளத்துறையின் சான்று, பிறகு நகர் ஊரமைப்பு. ஒரு அலுவலகத்தில் கோப்பு நான்கு மாதம் தூங்கியது. விசாரித்தால், சர்வே எண் ஒன்றில் உட்பிரிவு "2ஏ" என்பது "2பி" என்று தட்டச்சாகியிருந்தது. தப்பு எங்களுடையதுதான், ஆனால் அதை ஒரு போனில் சொல்லியிருக்கலாம்.

வில்லங்கம் பார்த்தபோது இன்னொன்றும் கிடைத்தது. நிலத்தின் நடுவே மூன்று மா பக்கத்து ஊர்க் கோயிலுக்குச் சொந்தம். அறநிலையத்துறை ஆணையரின் ஒப்புதல் இல்லாமல் அதை வாங்க முடியாது. நாங்கள் முயற்சியே செய்யவில்லை. குத்தகைக்கு உழுகிறவர் வேறு யாருமில்லை, அன்றைக்கு எங்கள் ஏரியைப் பார்த்துச் சிரித்த பெரியவர்தான். வரைபடத்தில் அந்த ஒரு ஏக்கரைச் சுற்றிப் பாதை போட்டோம். அவர் கேட்டது ஒன்றுதான்: பெல்ட் வண்டி, அதாவது சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம், உள்ளே வந்து திரும்ப வேண்டும். அதனால் கிழக்கு வாசலின் அகலத்தை முடிவு செய்தது எந்த விதியும் அல்ல. ஒரு நாள் காலை அறுவடை வண்டி ஒன்றை நிறுத்தி, டேப் பிடித்து அளந்தோம். இரண்டு பக்கமும் அரை மீட்டர் கூட்டி எழுதச் சொன்னார் அவர். "வண்டி ஓட்டுற பய ஒழுங்கா ஓட்ட மாட்டான் தம்பி" என்றார். எழுதினேன்.