ஓசிஎஃப்எஸ்2: துடைக்காமல் விட்ட ஒரு ஃப்ளாக்

பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலகத்தில் இரண்டு லினக்ஸ் சர்வர்கள், ஒரே ஸ்டோரேஜை ஓசிஎஃப்எஸ்2 (பல சர்வர்கள் ஒரே டிஸ்கை ஒரே நேரத்தில் பயன்படுத்த உதவும் ஃபைல் சிஸ்டம்) வழியாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அம்பாசமுத்திரம், வள்ளியூர் கிளைகளின் பில்லிங் முழுக்க இதில்தான். அவற்றில் ஒன்று அவ்வப்போது பேனிக் ஆகி (லினக்ஸின் மையமான கர்னல் மீள முடியாத பிழையில் நின்றுபோய்) ரீபூட் ஆகும். மற்றது, விழுந்ததன் ஜர்னலை, அதாவது மாற்றங்களின் பதிவை, ரீப்ளே செய்துவிட்டு வேலையைத் தொடரும். "அதான் எந்திரிச்சிட்டுல்லா அண்ணாச்சி, பொறவு என்ன?" என்றார் கூட வேலை பார்ப்பவர். எனக்கு அப்படி விட மனம் வரவில்லை. இரண்டும் சேர்ந்து விழுந்தால் அம்பை அரிசி ஆலை வாசலில் லாரிகள் பில்லுக்காக நிற்கும்.

கேடம்ப் ஓடிக்கொண்டிருந்ததால், விழுந்த நேரத்து மெமரியின் நகலான விஎம்கோர் கிடைத்தது. கர்னல் நின்ற இடம் பஃபர்_ஹெட்_ஐஓ.சி கோப்பில் ஒரு பக்_ஆன், அதாவது நடக்கவே கூடாதது நடந்தால் கர்னலை நிறுத்தும் சோதனை. ஜர்னல் கையில் இருக்கும் பஃபரில் (டிஸ்க் பிளாக்கின் மெமரி நகலில்) 'நீட்ஸ்வேலிடேட்' என்ற ஃப்ளாக் (அடையாளக் குறி) இருக்கவே கூடாது என்பது அங்கே நிபந்தனை. எங்கள் பஃபர் ஜர்னல் கையிலும் இருந்தது, அதில் ஃப்ளாக்கும் இருந்தது.

இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. டிஸ்கிலிருந்து படிக்க அனுப்பும்போதுதான் அந்த ஃப்ளாக் போடப்படும். படித்து வந்ததைச் சரிபார்க்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். ஜர்னலில் இருக்கும் பஃபரை டிஸ்கிலிருந்து படிக்கவே மாட்டார்கள், மெமரியில் இருப்பதுதான் புதியது. அப்படியானால் ஃப்ளாக் எங்கிருந்து வந்தது? லாகில் மேலே போய்ப் பார்த்தேன். பேனிக்குக்கு வெகுநேரம் முன்பே ஸ்டோரேஜிலிருந்து ஐஓ எரர் (படிக்கவோ எழுதவோ முடியாத பிழை). அந்தப் படிப்பு தோற்றது; பிழையைத் திருப்பிக் கொடுத்த கோடு ஃப்ளாக்கைத் துடைக்காமல் போய்விட்டது. அப்புறம் அதே பிளாக் ஜர்னலுக்குள் சேர்ந்தது. அடுத்து யார் படித்தாலும் பேனிக்தான்.

அந்தக் கோப்பின் கிட் வரலாற்றை (கோடில் செய்த மாற்றங்களின் பதிவை) பார்த்தால், 2018லேயே மெயின்லைனில் (லினக்ஸின் மூல கர்னலில்) சரிசெய்துவிட்டார்கள். 4.19 கர்னலில் இருக்கிறது. பிழைப் பாதையில் ஃப்ளாக்கைத் துடைக்கும் ஒரே வரி! எங்கள் கர்னல் அதைவிடப் பழையது. அந்தத் திருத்தத்தை, அதாவது பேட்சைப் போட்டு ஓசிஎஃப்எஸ்2 மாட்யூலை மட்டும் பில்ட் செய்தேன். முதலில் தனி விஎம்மில் (மெய்நிகர் கணினியில்) டிஎம்-ஃப்ளேக்கி என்ற சோதனைக் கருவி மூலம் வேண்டுமென்றே படிப்புப் பிழை வரவைத்து ஓட்டிப் பார்த்தேன். பேனிக் ஆகாமல், ஈஐஓ என்ற பிழைக் குறியீடு மட்டும் சரியாகத் திரும்பியது. பிறகு ஒவ்வொரு சர்வராக அன்மவுண்ட் செய்து மாற்றினோம்.

பேட்ச் பேனிக்கைத்தான் நிறுத்தும், ஐஓ எரரை அல்ல. அதனால் ஸ்டோரேஜுக்குப் போகும் ஃபைபர் கேபிள்களைச் சோதிக்க வைத்தேன். பழுதான ஒன்றை மாற்றிய பிறகு லாகில் எரரும் வரவில்லை.